கைரேகை தேயலை தாத்தா... தப்பு டிரைவர் மேல!

பெருவிரலைக் கண்ணாடிமேல் அழுத்துகிறார் பெரியவர். கருவிக்குள் சிவப்பு வெளிச்சம் எரிகிறது. ஒரு நொடிகூட ஆகவில்லை, திரை முழுக்க நீலம். சோகமாக உதடு பிதுக்கிய முகக்குறி, கீழே ஆங்கிலத்தில் நாலு வரி, ஓரத்தில் ஒரு சதுரக் கட்டம். படித்து முடிப்பதற்குள் அதுவும் போய்விடுகிறது. கம்ப்யூட்டர் தானே அணைந்து, தானே எழுந்திருக்கிறது.

புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடியில் ஓர் இ-சேவை மையம். 2025 நவம்பர், மழை விட்டும் விடாத காலை. பெரியவர் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வூதியம் தொடர வேண்டுமானால் தான் உயிரோடு இருப்பதாக ஆண்டுக்கு ஒருமுறை சான்று தர வேண்டும். அதற்குத்தான் இந்த விரல். இது மூன்றாவது முறை.

"தாயி, என் ரேகை தேஞ்சுபோச்சா?"

"தெரியலை தாத்தா. வயசானவங்களுக்குச் சில சமயம் விழாது. கையை நல்லா கழுவிட்டு வாங்க."

வாசலில் இருந்த குடத்துத் தண்ணீரில் கழுவி, வேட்டி முனையில் துடைத்துக்கொண்டு வந்தார். மறுபடி நீலம். பின்னால் வரிசையில் நின்றவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கரன்ட் ஏறி இறங்குது. வைரஸ் பூந்திருக்கும். பழைய சிஸ்டம், தூக்கிப் போட வேண்டியதுதான். மையத்தை நடத்தும் பெண் யாருக்கும் பதில் சொல்லவில்லை. அந்த மாதத்தில் மட்டும் அந்தக் கம்ப்யூட்டருக்கு இரண்டு முறை ஃபார்மட் போடவைத்திருந்தார். இரண்டு முறையும் மூன்றாம் நாளே பழைய குருடி கதவைத் திறந்திருந்தாள்.

பெரியவர் தன் பெருவிரலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மணியார்டர் கொடுக்கும்போது ஊர் முழுக்கக் கைநாட்டு வாங்கியவர் அவர். இன்று அவருடைய விரலே சந்தேகத்துக்கு ஆளாகிவிட்டது.

அந்த விரலில் எந்தக் குறையும் இல்லை. மின்சாரத்திலும் இல்லை, கம்ப்யூட்டரின் வயதிலும் இல்லை. குற்றவாளியின் பெயரை அந்தக் கம்ப்யூட்டர் ஒவ்வொரு முறை விழும்போதும் தன் வட்டில் எழுதி வைத்திருந்தது. அதைப் படிக்கத்தான் ஒருவரும் இல்லை.

அரண்மனைக்குள் ஒரு துபாஷி

டிரைவர் என்றால் என்ன? கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எல்லோரும் கேட்ட சொல், பலருக்குப் பொருள் தெரியாத சொல். பிரின்டர் வாங்கினால் "டிரைவர் போடணும்" என்பார்கள். வைஃபை வேலை செய்யவில்லையென்றால் "டிரைவர் போயிருச்சு" என்பார்கள்.

புதுக்கோட்டைக்காரர்களுக்கு அரண்மனையை வைத்துச் சொல்லலாம். மன்னருக்குத் தமிழ் மட்டும் தெரியும். வாசலில் நிற்கும் வணிகர்களோ ஆளுக்கொரு மொழி பேசுகிறார்கள். நடுவில் துபாஷி தேவை. விண்டோஸ் என்ற மன்னருக்கும் பிரின்டர், கேமரா, கைரேகைக் கருவி, ஸ்பீக்கர் என்று வெளியே நிற்கும் பொருள்களுக்கும் இடையில் மொழிபெயர்த்துச் சொல்லும் சிறு நிரல்தான் டிரைவர். இந்தத் துபாஷியை மன்னர் தேர்ந்தெடுப்பதில்லை. அநேகமாக அந்தந்த வணிகரே அழைத்து வருகிறார். பிரின்டர் செய்த நிறுவனம்தான் பிரின்டரின் டிரைவரை எழுதுகிறது.

ஆபத்து அந்தத் துபாஷி எங்கே உட்காருகிறார் என்பதில் இருக்கிறது. நாம் திறக்கும் வேர்டு, குரோம் போன்றவை எல்லாம் வெளிக்கட்டில் இருப்பவை. அவற்றில் ஒன்று தவறு செய்தால் அது மட்டும் மூடிக்கொள்ளும், மற்றவை ஓடும். டிரைவர்களில் கணிசமானவை உள்கட்டில், கெர்னல் என்று சொல்லப்படும் பகுதியில், கஜானாச் சாவியோடு உட்கார்ந்திருக்கின்றன. அங்கே இருக்கும் துபாஷி தனக்கு உரிமையில்லாத பெட்டியில் கை வைத்துவிட்டால், எந்த ஏடு கெட்டது, எது பிழைத்தது என்று மன்னருக்கே தெரியாது. கெட்ட ஏட்டை வைத்துக் கணக்கு எழுதினால் உங்கள் கோப்புகளும் சேர்ந்து கெடும். அதனால் விண்டோஸ் அந்தக் கணமே அரண்மனையின் எல்லாக் கதவுகளையும் சாத்திவிடுகிறது. நாம் பயந்து பார்க்கும் நீலத் திரை அந்தக் கதவு சாத்தும் காட்சிதான். மேற்கொண்டு சேதம் ஆகாமல் தடுக்க, வேண்டுமென்றே எடுக்கும் முடிவு அது.

டிரைவர் கோளாறு இன்று நேற்று வந்த நோய் அல்ல. 1998 ஏப்ரல் 20-ஆம் தேதி சிகாகோவில் நடந்த காம்டெக்ஸ் கண்காட்சி மேடையில் பில் கேட்ஸ் பக்கத்தில் நிற்க, விண்டோஸ் 98-ஐ விளக்கிக்கொண்டிருந்த அவருடைய ஊழியர் ஒரு ஸ்கேனரைச் செருகினார். அரங்கம் முழுக்கப் பார்க்க, நீலத் திரை. செருகியது ஒரு கருவி, விழுந்தது முழுக் கம்ப்யூட்டர். ஆலங்குடியில் நடந்ததும் அதேதான், இருபத்தேழு ஆண்டு கழித்து.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில், பதிவான செயலிழப்புகளில் 85 விழுக்காட்டுக்கு டிரைவர்களே காரணம் என்று வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003-இல் எழுதினார்கள். விண்டோஸ் மட்டும்தான் இப்படி என்றும் சொல்ல முடியாது. விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸின் மற்ற பகுதிகளைவிட அதன் டிரைவர் பகுதியில் பிழை விகிதம் 3 முதல் 7 மடங்குவரை அதிகம் என்று 2001-இலேயே ஸ்டான்ஃபோர்டு ஆய்வு ஒன்று காட்டியது. விண்டோஸ் விஸ்டா வந்த 2007-இல் மைக்ரோசாஃப்ட் திரட்டிய செயலிழப்புக் கணக்கு பின்னர் ஒரு வழக்கில் வெளியே வந்தது. அதில் 28.8 விழுக்காடு என்விடியா நிறுவனத்தின் டிரைவர்கள். மைக்ரோசாஃப்டின் சொந்தப் பங்கு 17.9 விழுக்காடு. விஸ்டாவை வாங்கியவர்கள் அன்று திட்டியது என்னவோ விஸ்டாவை மட்டும்தான்.

ஆடி முதல் வெள்ளி

2024 ஜூலை 19. ஆடி முதல் வெள்ளிக்கிழமை. அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில் சென்னை விமான நிலையத்தில் ஊழியர்கள் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக்கொண்டிருந்தார்கள். கவுன்ட்டர்களில் கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை. இண்டிகோ மட்டும் 190-க்கு மேற்பட்ட விமானங்களை ரத்து செய்தது. பிரிட்டனில் ஸ்கை நியூஸ் தொலைக்காட்சி ஒளிபரப்பு நின்றது, மருத்துவர்கள் நோயாளிகளின் குறிப்பேட்டைத் திறக்க முடியாமல் பேப்பரும் பேனாவும் எடுத்தார்கள்.

கிரவுட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனத்தின் நிரல் உள்கட்டில் டிரைவராக உட்கார்ந்து காவல் காப்பது. அதற்கு அன்று காலை அனுப்பிய ஒரு சிறு கோப்பில்தான் வினை. காவல்காரருக்குக் கொடுத்த படிவத்தில் 21 கட்டங்கள் இருந்தன. அவர் கையில் இருந்த விவரங்களோ 20. அதுவரை 21-ஆவது கட்டத்தைப் பார்க்க வேண்டிய தேவை வரவில்லை. அன்று வந்த கோப்பு அதைப் பார்க்கச் சொன்னது. இல்லாத இருபத்தொன்றாவதைத் தேடி அவர் உரிமையில்லாத பெட்டியில் கை வைத்தார். கதவுகள் சாத்தப்பட்டன. மறுபடி எழுந்தாலும் முதல் வேலையாக அதே படிவத்தைத்தான் திறப்பார். அதனால் மறுபடியும் நீலம், மறுபடியும் நீலம்.

நம் மாவட்டத்துக் கடைகளுக்கும் மையங்களுக்கும் அன்று பெரிய பாதிப்பு இல்லை. அது பெரிய நிறுவனங்கள் காசு கொடுத்து வாங்கும் காவல். ஆனால், கோடிக்கணக்கில் செலவு செய்யும் விமான நிறுவனத்தை எது விழவைத்ததோ, அதே ரகக் கோளாறுதான் ஆலங்குடி மையத்தையும் விழவைத்தது. வித்தியாசம் ஒன்றே. அங்கே என்ன நடந்தது என்று 18 நாளில் கிரவுட்ஸ்ட்ரைக் பக்கம் பக்கமாகக் காரணம் எழுதி வெளியிட்டது. இங்கே தாத்தாவின் விரல்மேல் பழி விழுந்தது.

---
பெட்டி: அந்த 78 நிமிடங்கள்

கோப்பு அனுப்பப்பட்டது: இந்திய நேரம் காலை 9.39.
திரும்பப் பெறப்பட்டது: காலை 10.57.
இடையில் விழுந்த விண்டோஸ் கம்ப்யூட்டர்கள்: மைக்ரோசாஃப்ட் மதிப்பீட்டில் 85 லட்சம். உலகின் விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் இது 1 விழுக்காட்டுக்கும் குறைவு.
அமெரிக்காவின் டெல்டா நிறுவனம் ரத்து செய்த விமானங்கள்: ஏறத்தாழ 7,000.
இந்தியாவில் சிறு பாதிப்பைச் சந்தித்த வங்கிகளும் நிதி நிறுவனங்களும், ரிசர்வ் வங்கிக் கணக்கில்: 10.
சரிசெய்த விதம்: ஒவ்வொரு கம்ப்யூட்டரின் முன்னும் ஓர் ஆள் உட்கார்ந்து, சேஃப் மோடில் திறந்து, ஒரே ஒரு கோப்பை அழித்தார். வட்டு பூட்டப்பட்டிருந்த இடங்களில் அதற்கும் முன்னால் 48 இலக்கச் சாவியைத் தட்ட வேண்டியிருந்தது.
---

ஃபார்மட் என்ற ஒரே மருந்து

புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் தொடங்கி அறந்தாங்கி, பொன்னமராவதி வரை எந்தக் கம்ப்யூட்டர் கடையிலும் "அடிக்கடி ப்ளூ ஸ்கிரீன் வருது" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் வரும் பதில், "ஃபார்மட் போட்டுடலாம் சார்." அந்தத் தம்பிகளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு நாளில் ஏழெட்டு மெஷின் வருகிறது. காரணம் தேட இரண்டு மணி நேரம் ஆகலாம், அதற்குக் கூலி தர யாரும் தயாரில்லை. ஃபார்மட்டுக்கு மட்டும்தான் ஊரில் விலை இருக்கிறது.

ஆனால் ஃபார்மட்டில் என்னென்ன போகிறது என்று யோசித்துப் பாருங்கள். திருமணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி கடையில் போவது பத்து இருபது ஆண்டுகளாகச் சேர்த்த தமிழ் எழுத்துருக்கள். அவற்றில் பல யூனிகோடுக்கு முந்தியவை. அந்த எழுத்துரு இல்லையென்றால் பழைய பத்திரிகைக் கோப்பைத் திறந்தாலும் ஙஞணநமன என்று ஒன்றும் இருக்காது, வெறும் கிறுக்கல்தான். ஸ்டுடியோவில் போவது இன்னும் ஆல்பம் போடாத கல்யாணப் படங்கள். என் வீட்டு மடிக்கணினி இப்படி அடிக்கடி விழுந்தபோது நானும் அவசரப்பட்டு ஃபார்மட்டுக்குத் தலையாட்டினேன். என் அப்பா கடைசி ஆண்டில் பேசியதைப் பதிவு செய்த ஒலிக்கோப்புகள் ஒரு தனி அடைவில் இருந்தன. 'டெஸ்க்டாப்பில் இருந்ததை எல்லாம் எடுத்து வச்சுட்டேன்' என்றார் கடைக்காரர். அந்த அடைவு டெஸ்க்டாப்பில் இல்லை. ஒரு வாரம் கழித்து மடிக்கணினி மறுபடியும் விழுந்தது. காரணம் வைஃபை டிரைவர் என்பது பிறகுதான் தெரிந்தது. பழைய பதிப்புக்குத் திருப்பியிருந்தால் ஐந்து நிமிட வேலை.

ஃபார்மட் போட்டும் நோய் திரும்புவது ஏன்? ஆலங்குடி மெஷினின் கதை அதைத் தெளிவாகக் காட்டுகிறது. ஃபார்மட் போட்ட முதல் மெக்கானிக் ஒவ்வொரு முறையும் மையத்தில் இருந்த ஒரே பென்டிரைவிலிருந்து, 'எல்லா டிரைவரும் ஒரே சொடுக்கில்' என்று சொல்லும் இலவசத் தொகுப்பையே நிறுவினார். அந்தத் தொகுப்பு மதர்போர்டின் யூஎஸ்பி பகுதிக்குப் பொருந்தாத பதிப்பு ஒன்றை உள்ளே வைத்தது. மவுஸ், கீபோர்டு போன்ற சாதுவான பொருள்களுக்கு அது தாங்கியது. கைரேகைக் கருவி விரலின் படத்தை மொத்தமாக அனுப்பும்போது தாங்கவில்லை. வீட்டைச் சுத்தமாகக் கழுவிவிட்டு, திருடனையே மறுபடி காவலுக்கு வைத்த கதை.

கம்ப்யூட்டர் எழுதி வைக்கும் வாக்குமூலம்

நீலத் திரை வரும் அந்தச் சில நொடிகளில் விண்டோஸ் ஒரு வேலை செய்கிறது. சி டிரைவில் விண்டோஸ் அடைவுக்குள் மினிடம்ப் என்ற அடைவில், விழுந்த நேரத்தில் உள்கட்டில் யார் யார் இருந்தார்கள், யார் கை எந்தப் பெட்டியில் இருந்தது என்று ஒரு சிறு கோப்பை எழுதி வைக்கிறது. கோப்பின் பெயரிலேயே தேதி இருக்கும். இதைப் படிக்க மைக்ரோசாஃப்டின் வின்டிபிஜி இருக்கிறது, அதைவிட எளிதாக நிர்சாஃப்டின் ப்ளூஸ்கிரீன்வியூ இருக்கிறது. இரண்டும் இலவசம்.

புதுக்கோட்டையிலிருந்து வந்த இரண்டாவது மெக்கானிக் பென்டிரைவை எடுக்கவில்லை. முதலில் இந்த அடைவைத்தான் திறந்தார். கடைசி ஃபார்மட்டுக்குப் பிறகு ஐந்து கோப்புகள். ஐந்திலும் ஒரே பெயர், அதே யூஎஸ்பி டிரைவர். ஐந்தும் நிகழ்ந்தது கைரேகை எடுத்த நேரத்தில். அவர் அந்தப் பெண்ணிடம் கேட்டது ஒரே கேள்வி: "அக்கா, மவுஸ் புடிச்சு சும்மா வேலை பாக்கறப்ப எப்பவாவது விழுந்துருக்கா?" இல்லை என்றார். அதோடு முடிந்தது விசாரணை.

இந்த இடத்தில் அனுபவம் உள்ளவர்கள் வைத்திருக்கும் கணக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். வாக்குமூலத்தில் திரும்பத் திரும்ப ஒரே பெயர் வந்தால், ஒரே வேலையின்போது விழுந்தால், பெரும்பாலும் அந்த டிரைவர். ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயர் வந்தால் ராம் பலகையைச் சந்தேகிக்க வேண்டும். நினைவகம் பழுதானால் அதில் உட்கார்ந்தவர் எல்லோரும் குற்றவாளி போலத் தெரிவார்கள். நீலமும் இல்லை, கோப்பும் இல்லை, பட்டென்று அணைந்து போகிறது என்றால் எஸ்எம்பிஎஸ் என்ற மின்வழங்கிப் பெட்டி, சூடு, கரன்ட். அப்போது எழுதி வைக்க அதற்கு நேரமே கிடைத்திருக்காது. விதிவிலக்குகள் உண்டு. ஆனால் பத்து நிமிடத்தில் எந்தப் பக்கம் தேடுவது என்று சொல்லிவிடும் கணக்கு இது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. வாக்குமூலத்தில் அடிக்கடி என்டிஓஎஸ்கெர்னல் என்ற பெயர் வரும். அது மன்னரின் பெயர், விண்டோஸின் மையம். உண்மையான ஆள் சிக்காதபோது பழி அவர்மேல் எழுதப்படும். அதைப் பார்த்துவிட்டு விண்டோஸே கெட்டுவிட்டது என்று ஃபார்மட் போடுபவர்கள் நிறைய. அந்தப் பெயருக்கு அடுத்த வரிசையில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். என்வி என்று தொடங்கும் பெயர் என்விடியா கிராஃபிக்ஸ். ஐஜிடி என்றால் இன்டெல் திரை டிரைவர். ஆர்டி என்று தொடங்குபவை அநேகமாக ரியல்டெக் நிறுவனத்தின் நெட்வொர்க் அல்லது ஆடியோ. பெயர் புரியவில்லையா? விண்டோஸ் அடைவுக்குள் அந்தப் பெயருள்ள கோப்பைத் தேடி, பண்புகளைத் திறந்தால் நிறுவனத்தின் பெயர் இருக்கும்.

---
பெட்டி: ஃபார்மட் போடும் முன் ஒரு மணி நேரம்

திரையைக் கைப்பேசியில் படம் எடுங்கள். 'ஸ்டாப் கோட்' என்ற வரிதான் முக்கியம். டிரைவர் ஐஆர்க்யூஎல் என்று தொடங்கினால் ஏதோ ஒரு டிரைவர் எல்லை தாண்டியிருக்கிறது. வீடியோ டிடிஆர் என்றால் திரை டிரைவர்.

தேடல் பெட்டியில் 'ரிலயபிலிட்டி' என்று அடித்தால் நாள்வாரியாக ஒரு வரைபடம் திறக்கும். முதல் சிவப்புக் குறி விழுந்த நாளில், அதற்கு முந்தின நாளில் என்ன நிறுவினீர்கள், எது தானாகப் புதுப்பித்துக்கொண்டது என்று பாருங்கள். பல வழக்குகள் இங்கேயே முடிந்துவிடும்.

டிவைஸ் மேனேஜரில் அந்தப் பொருளைத் திறந்து 'ரோல் பேக் டிரைவர்' கொடுத்தால் முந்தைய பதிப்பு திரும்பும். அந்தப் பொத்தான் மங்கலாக இருந்தால், டிரைவரை நீக்கிவிட்டு, கருவி அல்லது மதர்போர்டு செய்த நிறுவனத்தின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கு உரியதை மட்டும் இறக்குங்கள்.

உள்ளே நுழைந்ததுமே விழுந்தால், கடவுச்சொல் கேட்கும் திரையிலேயே ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்து சேஃப் மோடுக்குப் போங்கள். அங்கே தேவையான டிரைவர்கள் மட்டுமே ஏறும். அங்கே விழாமல் நின்றால் சந்தேகம் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த டிரைவர்மேல் திரும்பும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். நாலைச் சேர்த்து மாற்றினால் எது குணமாக்கியது என்று யாருக்கும் தெரியாது.
---

கிண்டியில் படித்தவர் கட்டிய சோதனை

இந்தப் பிழைகளைக் கடைக்கு வருவதற்கு முன்பே பிடிக்க முடியாதா? அதற்கு விடை தேடிய இருவரில் ஒருவர் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். ஸ்ரீராம் ராஜமணி, மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிக் கூடத்தில் தாமஸ் பால் என்பவரோடு சேர்ந்து ஸ்லாம் என்ற திட்டத்தை உருவாக்கினார். டிரைவரை ஓட்டிப் பார்க்காமல், அதன் நிரல் வரிகளை மட்டும் படித்து, அது உள்கட்டின் விதிகளை மீற வழி இருக்கிறதா என்று கணித முறையில் சோதிப்பது அதன் வேலை. பூட்டை எடுத்தவன் எந்த வழியில் வெளியேறினாலும் திறந்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது ஒரு விதி. ஆயிரம் வழிகளில் ஒன்றில் திறக்காமல் போக வாய்ப்பிருந்தாலும் ஸ்லாம் அந்த வழியைக் காட்டிக் கொடுத்துவிடும். இதிலிருந்து பிறந்த ஸ்டாடிக் டிரைவர் வெரிஃபையர் என்ற கருவி டிரைவர் எழுதுபவர்களுக்கான தொகுப்போடு வெளியானது. 2011-இல் இருவருக்கும் இத்துறையின் பெருமைக்குரிய சிஏவி விருது கிடைத்தது. ராஜமணி பின்னர் பெங்களூருவில் உள்ள மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிக் கூடத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார்.

கருவி இருக்கிறது. அதை எல்லா நிறுவனங்களும் முறையாகப் பயன்படுத்தினால்தானே? 64 பிட் விஸ்டாவிலிருந்து உள்கட்டு டிரைவருக்குக் கையொப்பம் கட்டாயமானது. 2016-இலிருந்து புதிய டிரைவர்கள் மைக்ரோசாஃப்ட் வழியாகவே கையொப்பம் பெற வேண்டும் என்றானது. ஆனால் கையொப்பம் யார் எழுதியது என்பதற்குச் சாட்சி, பிழையில்லை என்பதற்குச் சாட்சி அல்ல. கிரவுட்ஸ்ட்ரைக் டிரைவரும் கையொப்பம் பெற்றதுதான். அதன் வாயில் பிறகு ஊட்டிய கோப்பு அந்தச் சோதனைக்குள் வரவில்லை. மைக்ரோசாஃப்டே அனுப்பும் புதுப்பித்தலிலும் தவறு வருகிறது. 2021 மார்ச்சில் விண்டோஸ் 10-க்கு வந்த ஒரு புதுப்பித்தலுக்குப் பிறகு கியோசெரா, ரிக்கோ, ஜீப்ரா பிரின்டர்களுக்குப் பிரின்ட் கொடுத்தவுடன் கம்ப்யூட்டர் நீலமானது. நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளில் கியோசெரா எவ்வளவு பரவியிருக்கிறது என்பது எல்லோரும் அறிந்தது.

2024 அடிக்குப் பிறகு மைக்ரோசாஃப்ட் பாதுகாப்பு நிறுவனங்களை உள்கட்டிலிருந்து வெளிக்கட்டுக்கு நகர்த்தும் வேலையைத் தொடங்கியிருக்கிறது. 2025-இல் விண்டோஸ் 11-இன் நீலத் திரையையும் கறுப்பாக்கியது. புதிய திரையில் சோக முகம் இல்லை, ஸ்டாப் கோடும் தவறு செய்த டிரைவரின் பெயரும் மட்டும். எனக்கு இது நல்ல மாற்றமாகவே படுகிறது. இவ்வளவு காலம் மன்னிப்புக் கேட்ட இடத்தில் இப்போது பெயர் இருக்கிறது.

நஷ்டம் யார் தலையில்?

வருமானச் சான்றுக்கோ முதல் பட்டதாரிச் சான்றுக்கோ மையத்தில் கட்டணம் 60 ரூபாய். ஆனால் மெஷின் விழுந்து 'நாளைக்கு வாங்க' என்று அனுப்பப்படுபவருக்கு ஆகும் செலவு 60 ரூபாயோடு நிற்பதில்லை. பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை. ஆனால் ஒரு நாள் கூலி போய்விடும். கல்லூரி விண்ணப்பத்தின் கடைசித் தேதி நெருங்கும் மே, ஜூன் மாதங்களில் அந்த ஒரு நாளுக்கு என்ன விலை என்று பிள்ளையைப் படிக்க வைக்கும் வீட்டில் கேட்டால் தெரியும். மையம் நடத்துபவர் பாடும் எளிதில்லை. ஃபார்மட்டுக்குக் காசு, மையம் மூடிய நாளின் வருமானம், வரிசையில் நிற்பவர்களின் ஏச்சு எல்லாம் அவர் தலையில். கோளாறான டிரைவரை எழுதிய நிறுவனத்துக்கு இதில் எந்தச் செலவும் இல்லை.

தெரியாமல் மலிவாக வாங்கியவர்கள் கதை இன்னும் மோசம். 2014-இல் எஃப்டிடிஐ என்ற யூஎஸ்பி சில்லு நிறுவனம் விண்டோஸ் அப்டேட் வழியாக அனுப்பிய டிரைவர், தன் சில்லுகளைப் போலச் செய்த போலிச் சில்லுகளைக் கண்டால் அவற்றின் அடையாள எண்ணைப் பூஜ்யமாக்கியது. கருவியை அதன்பின் எந்தக் கம்ப்யூட்டரும் அடையாளம் காணவில்லை. எதிர்ப்பு வந்து டிரைவர் திரும்பப் பெறப்பட்டது. போலியைச் செய்தவன் எங்கோ இருந்தான், கருவியைக் காசு கொடுத்து வாங்கியவன்தான் அடிபட்டான். தராசிலிருந்து பில் மெஷின்வரை நம் கடைகளில் யூஎஸ்பி கேபிள் வழியாகப் பேசும் பொருள்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள், அவற்றுக்குள் யாருடைய சில்லு இருக்கிறது என்று வாங்கியவருக்குத் தெரியுமா?

அக்டோபர் 14-க்குப் பிறகு

இனி வரப்போவதுதான் கவலை தருகிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெல்லின் எட்டாம் தலைமுறைச் சில்லுக்கு முந்தைய பெரும்பாலான மெஷின்களை ஏற்பதில்லை. 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு 50 லட்சத்துக்கும் மேல் வழங்கப்பட்டன. அவற்றில் பல இன்றும் மாவட்டம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கின்றன. டியூஷன் சென்டரில், பெட்டிக்கடையில், அண்ணன் கல்லூரி முடித்த பிறகு தங்கை கையில். இவற்றில் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றித் தருபவர்கள் கடைத்தெருவில் இருக்கிறார்கள். ஏறிவிடும். ஆனால் அந்தப் பழைய திரைச் சில்லுக்கும் வைஃபைக்கும் புதிய டிரைவர் எழுத எந்த நிறுவனமும் இல்லை. பழைய டிரைவரை வைத்து ஒட்டுப் போட்டு ஓட்டுவார்கள், பிறகு நீலம் வரும், பிறகு ஃபார்மட்.

பிரின்டர்களுக்கும் இதே நிலை வருகிறது. ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனி டிரைவர் தரும் முறையை விண்டோஸ் அப்டேட்டில் படிப்படியாக நிறுத்துவதாக மைக்ரோசாஃப்ட் 2023-இல் அறிவித்தது. பொதுவான ஒரே டிரைவரில் புதிய பிரின்டர்கள் ஓடும். நீண்ட நாள் நோக்கில் நல்லதுதான். ஆனால் பத்து வருடப் பிரின்டரை வைத்திருப்பவர், அதன் டிரைவர் கோப்பை இன்றே ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

லினக்ஸ் ஒரு வழி. அந்த இலவச மடிக்கணினிகளிலேயே விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது. டிரைவர்களில் பெரும்பாலானவை லினக்ஸின் மையத்தோடே சேர்ந்து பராமரிக்கப்படுவதால் பழைய மெஷின் அதில் நிம்மதியாக ஓடும். படிக்க, தட்டச்சு செய்ய, இணையம் பார்க்கத் தாராளமாகப் போதும். கைரேகைக் கருவி வைத்துத் தொழில் செய்பவர்கள், கருவி செய்த நிறுவனம் லினக்ஸுக்கு ஆதரவு தருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மாற வேண்டும்.

நோட்டு

இந்த மாவட்டத்துக்குக் கைநாட்டோடு பழைய கணக்கு ஒன்று உண்டு. 1991-இல் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் இங்கே ஊர் ஊராகப் போனது. கல் உடைக்கும் பெண்களும் வயல்வேலைப் பெண்களும் மைப் பெட்டியிலிருந்து விரலை எடுத்துப் பென்சில் பிடித்தார்கள், சைக்கிள் ஓட்டினார்கள். பெயரெழுதக் கற்றுக்கொண்ட அந்தத் தலைமுறைதான் இன்று மையங்களில் மறுபடி விரலை நீட்டி நிற்கிறது. 2015 அக்டோபரில் வலைப்பதிவர் திருவிழா நடத்தி, தமிழில் தட்டச்சு செய்யப் பலருக்குச் சொல்லிக்கொடுத்த ஊரும் இதே புதுக்கோட்டைதான். கம்ப்யூட்டர் எழுதும் நாலு ஆங்கில வரியைப் படித்துச் சொல்லப் பத்துப் பேரை இந்த மாவட்டத்தில் பழக்குவது பெரிய காரியம் இல்லை. பாலிடெக்னிக்குகளில், ஐடிஐ-களில் ஃபார்மட் போடச் சொல்லித் தருகிறார்கள். மினிடம்பைத் திறக்க ஒரு வகுப்பு எடுத்தால் போதும்.

ஆலங்குடி மையத்தில் அந்த யூஎஸ்பி டிரைவரை நீக்கி, மதர்போர்டு நிறுவனத்தின் பதிப்பை ஏற்றியதும் நாற்பது நிமிடத்தில் வேலை முடிந்தது. இலவசத் தொகுப்பு இருந்த பென்டிரைவைப் பெண் உடைக்கவில்லை, மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். பெரியவர் மறுநாள் காலையில் வந்தார். கையை வீட்டிலேயே கழுவி, எலுமிச்சை தேய்த்து வந்ததாகச் சொன்னார். விரலை வைத்தார். சிவப்பு வெளிச்சம், பிறகு பச்சை டிக் குறி. பிரின்டர் ஓடியது.

"முதல் தடவையே விழுந்துருச்சு தாத்தா."

"எலுமிச்சைதான்" என்றார் பெரியவர். அவர் அதை நம்புகிறார் என்று தெரிந்து அந்தப் பெண் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு மேசையில் இருந்த நாற்பது பக்க நோட்டை அவர் பக்கம் திருப்பி, முந்தின நாள் எழுதியதைக் காட்டினார். தேதி, நேரம், திரையில் வந்த வரி, மாற்றிய டிரைவரின் பதிப்பு எண். அதற்குக் கீழே, அவர் கையெழுத்திலேயே ஒரு வரி: 'கைரேகையில் குறை இல்லை.' பெரியவர் கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றி அதை இரண்டு முறை படித்தார்.